யாருடைய கிழிசல்

பொறாமை என்று சொன்னால் ஐசோலா பெட்டஸுக்குப் பிடிக்காது. "எனக்கென்ன பொறாமை? என் பொருளை என்னுதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்" என்பாள். அவள் எப்படிச் சொன்னாலும் அது பொறாமைதான். பத்து வருஷம் அதோடுதான் எழுந்தாள், அதோடுதான் படுத்தாள். சாப்பிடும்போதுகூட அது பக்கத்தில் ஒரு தட்டு போட்டு உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் ஊரின் தெற்குக் கோடியில் அவளுக்கு ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. சனிக்கிழமை அங்கே நிற்க இடம் கிடைக்காது. மறுநாள் சபைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சுருட்டை முடியை நீட்டிக்கொள்ள வந்துவிடுவார்கள். அடுப்பில் இரும்புச் சீப்பு காய்ந்துகொண்டே இருக்கும். தலையில் தடவின மெழுகு பொசுங்குகிற வாசனை தெருமுனை வரை போகும். மூலையில் ஒரு ரேடியோ. அதில் ஆர்வெல்லா க்ரம் பாட ஆரம்பித்தால் போதும், யார் தலை பாதியில் நிற்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஐசோலா போய் அதை அணைத்துவிடுவாள்.

"அய்யோ அக்கா, சீப்பைக் காதுமேல விட்டுட்டுப் போறியே!" என்று கத்தினாள் கார்னெல்லா. வாராவாரம் வருகிறவள், வாய் கொஞ்சம் அதிகம். "பாட்டை ஏன்கா நிறுத்தினே? கிழிசல் வர்ற இடம் இப்பதான் வரப்போகுது."

"அந்தக் கிழிசல் எங்கேருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? போன சனிக்கிழமை சொன்னே. அதுக்கு முந்தின சனிக்கிழமையும் சொன்னே. இந்தா, காதை மடக்கிப் பிடிச்சுக்கிட்டேன். சொல்லிக்கிட்டே இழு, எனக்கு நேரமாகுது."

கடை முழுக்கச் சிரிப்பு. ஐசோலா சிரிக்கவில்லை. முடியை ஒரு இழுப்பு கூடுதலாகவே இழுத்தாள்.

கிழிசல் என்றால் என்ன என்று அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆர்வெல்லா க்ரம் பாடிய 'கதவைச் சாத்திட்டுப் போனவனே' என்ற பாட்டில் ஒரு இடம் உண்டு. அதுவரை தேன் மாதிரி தணிந்து வருகிற குரல், 'கதவு' என்ற சொல்லில், நல்ல துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்த மாதிரி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கீழே விழும், ஒரு பாதி மேலே ஏறும். அதைக் கேட்டு லாரி ஓட்டுகிறவன் வண்டியை ஓரம் கட்டுவான். பிறகு சிகாகோவிலும் டெட்ராய்டிலும் பாட வந்த பெண்கள் அத்தனை பேரும் அதே மாதிரி குரலைக் கிழிக்கப் பழகினார்கள். கேட்டால், "ஆர்வெல்லா கிட்ட கத்துக்கிட்டோம், ரெக்கார்டைத் தேயத் தேயப் போட்டு" என்றார்கள். சோல் பாட்டு என்று கறுப்பர்கள் உருகிப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கும்வரை அந்தக் கிழிசலும் இருக்கும் என்று பத்திரிகையில் ஒருவன் எழுதினான். அந்தப் பக்கத்தை ஐசோலா அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள்.

ஐசோலா சொல்கிற கதை இதுதான். அவளும் ஆர்வெல்லாவும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். புது கலிலேயா பாப்டிஸ்ட் சபையின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் பக்கம் பக்கமாக நின்றவர்கள். பதினேழு வயதில் ஐசோலாவின் அம்மா இறந்துபோனாள். அடக்க ஆராதனையில், திறந்த பெட்டிக்கு எதிரில், இரண்டு பெண்களும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு பாடினார்கள். 'அக்கரை' என்ற சொல் வந்தபோது அந்தக் கிழிசல் வந்தது. முதல் தடவை, உலகத்திலேயே முதல் தடவை. சபை முழுக்க எழுந்து நின்றுவிட்டது. வெள்ளைக் கையுறை போட்ட சபை ஊழியப் பெண்கள் மயங்கி விழுந்தவர்களுக்கு விசிறிக்கொண்டு ஓடினார்கள்.

"அது என் வாயிலேருந்து வந்துச்சு" என்பாள் ஐசோலா. "என் அம்மா செத்த அழுகை அது. அதை எடுத்துட்டுப் போய் எவனோ ஒரு ஆம்பளை கதவைச் சாத்திட்டுப் போனதுக்குப் பாடிட்டா பாவி."

ஆர்வெல்லா ஊரைவிட்டுப் போனது முப்பது வயதுக்கு மேலே. அதுவரை மீன் வறுக்கிற கடையில் வேலை பார்த்தவள், பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றில் பாட்டுப் பதிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாவு ஒட்டின கையோடு போய் நின்றாள். அறுபத்து நாலாம் வருஷம் பாட்டு வந்தது. வந்த மாதமே அவள் கார் ஏறிப் போனாள். சனிக்கிழமை மதுக்கடைகளில் பாடுகிறவள் ஞாயிற்றுக்கிழமை சபைப் பெயரேட்டில் இருக்கக் கூடாது என்று சபையில் தீர்மானம் வந்தது. ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், அதுதான் அங்கே முறை. முன்மொழிந்தவர் சபை நிர்வாகி டீக்கன் மோஸ்லி. அவர் வாயை மூடுவதற்குள், "வழிமொழிகிறேன்" என்று எழுந்தவள் ஐசோலா.

மறு வருஷம் ஆர்வெல்லா வந்தாள். இளஞ்சிவப்புக் கார். கடை வாசலில் அதை நிறுத்தி, முழங்கை வரை கையுறையோடு உள்ளே வந்து, "ஐசோ, என் தலையை நீ தொட்டு எவ்வளவு நாளாச்சு! விக் வெச்சு வெச்சு மண்டை காந்துது. வந்து உக்காரட்டுமாடி?" என்றாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று நாற்காலியும் காலி.

"இடமில்லை" என்றாள் ஐசோலா.

ஆர்வெல்லா நாற்காலிகளைப் பார்த்தாள். "யாருமே இல்லையேடி."

"வருவாங்க."

ஆர்வெல்லா கையுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, வர்றவங்களுக்கு நல்லா பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை வரை ஒருத்தியும் வரவில்லை. ஐசோலா காலி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அடுத்து நடந்ததுதான் அவளை அறுத்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் தனிப்பாட்டு எப்போதும் ஐசோலாவுடையது. ஒரு தடவை அவள் பாடி, கிழிசல் வந்து, உட்கார்ந்த பிறகு, பின்வரிசையில் ஒரு சின்னப்பெண் தன் அம்மாவிடம், "இந்த ஆன்ட்டி அப்படியே ஆர்வெல்லா மாதிரி பண்றாங்கம்மா" என்றது. புதிதாக வந்த பியானோக்காரரும் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு. ஆனா ரேடியோப் பாட்டு ஜாடை அடிக்குது. சபைக்கு வேண்டாமே" என்றார்.

திருடு கொடுத்தவளையே திருடி என்றால் எப்படி இருக்கும்? அன்றோடு ஐசோலா கிழிப்பதை விட்டாள். 'அக்கரை' வந்தால் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பு மாதிரி நேராகப் பாடிவிட்டு உட்கார்ந்தாள். எட்டு வருஷம். சபையார் விசிறியை ஆட்டியபடி "ஆமென்" என்றார்கள். எழுந்து நிற்கவில்லை.

ஒரு நாள் சீக்கிரம் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால், உள்ளே அதே பாட்டு. அவள் புருஷன் ஜெத்ரோ, டயர் கம்பெனியில் வேலை, மடியில் அவரைக்குழம்புத் தட்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா இது?"

ஜெத்ரோ துள்ளி எழுந்ததில் குழம்பு சட்டையில் கொட்டியது. "பாட்டு."

"யாரு பாட்டு?"

"கத்தாதே, சொல்றேன். எத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருந்தேன்னுதானே கேப்பே? ரெண்டு வருஷமா, கார் சீட்டுக்கு அடியில." வாயைத் துடைத்துக்கொண்டான். "நீ இப்பல்லாம் பாடறதில்லையே ஐசோ. பாடறே, ஆனா பாடறதில்லை. நீ முன்னாடி பாடின மாதிரி ஒரு தடவை கேக்கணும் போல இருந்துச்சு. கடையில இதுதான் கிடைச்சுது."

அவன் சொன்னது பாராட்டு என்று அவளுக்கு மறுநாள்தான் உறைத்தது. அதற்குள் இசைத்தட்டை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்துவிட்டாள்.

எழுபத்து நாலில் ஆர்வெல்லா திரும்பி வந்தாள், பஸ்ஸில். ஊருக்கு வேறு பாட்டு, வேறு தாளம் பிடித்துவிட்டது. அவளைக் கூப்பிடுகிற இடங்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் யாரும் கூப்பிடவில்லை. அம்மா வீட்டில் இருக்கிறாளாம், வெளியே வருவதில்லையாம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். "இளைச்சுட்டாளாம்" என்றாள் கார்னெல்லா. "ஐசோலாக்கா, இனிமே உனக்கு நிம்மதிதானே?"

"எனக்கென்ன, நான் அவளை நினைக்கிறதே இல்லை" என்றாள் ஐசோலா. மூன்று வாரமாக ஆர்வெல்லாவின் அம்மா வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வேறு வழியாகக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நாலாவது ஞாயிறு, பாடகர் குழு அங்கி போட்டு மேலே நிற்கும்போது, கதவு திறந்தது. ஆர்வெல்லா சாதாரண நீலப் பாவாடையும் தன் சொந்த முடியுமாக நடந்து வந்து, முன்னால் தனியாகப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சபையில் திரும்பச் சேர வேண்டுகிறார் என்று அர்த்தம்.

போதகர் காட்ஸ்டன் எழுந்தார். டீக்கன் மோஸ்லி முன்மொழிந்தார், இந்தத் தடவை சேர்க்கச் சொல்லி. யாரோ வழிமொழிந்தார்கள். அடுத்து போதகர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "சபையாரே, ஆயத்தமில்லாதவர் யாராவது உண்டா?"

மறுப்பு உண்டா என்பதைத்தான் அங்கே அப்படிக் கேட்பார்கள். அது வழக்கத்துக்குக் கேட்கிற கேள்விதானே ஒழிய, பதில் எதிர்பார்க்கிற கேள்வி இல்லை. கேட்டுக்கொண்டே கையை நீட்டி, "வா மகளே" என்று அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவார். அந்தச் சபையில் இருபது வருஷமாக யாரும் வாயைத் திறந்ததில்லை. திறந்தால், சொன்னவர் காரணத்தை அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அவர் வாயாலேயே "ஆயத்தம்" என்று வரும்வரை தீர்மானம் நகராது.

"நான் ஆயத்தமில்லை" என்றாள் ஐசோலா.

விசிறிகள் அத்தனையும் நின்றன.

"சிஸ்டர் பெட்டஸ்?" போதகர் நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "சரி. உங்க காரணத்தைச் சொல்லுங்க."

"அந்தக் கிழிசல் யாருதுன்னு அவ சொல்லட்டும். இங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அப்புறம் சேத்துக்குங்க, நான் வேண்டாங்கலை."

கீழே ஒரே சலசலப்பு. "இதுக்கா?" என்றார்கள் சிலர். "கேக்கட்டும், கேக்கட்டும்" என்றார்கள் சிலர். ஜெத்ரோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆர்வெல்லா நாற்காலியில் திரும்பி மேலே பார்த்தாள். குரல் சல்லடையில் மணல் விழுகிற மாதிரி இருந்தது.

"என்னுதுடி" என்றாள்.

"பொய்!"

"ஜெப வீட்டுல நின்னு பொய் சொல்ல நான் பஸ்ஸேறி வரலை. உன் அம்மா பெட்டி முன்னாடி நின்னோம். உன் தொண்டை அடைச்சுப்போச்சு. பாட்டு நின்னுடக் கூடாதேன்னு நான் மேல எடுத்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

"எனக்கும்தான் ஞாபகம் இருக்கு! நான்தான் எடுத்தேன்!"

"ஞாபகம் இருக்கும். எல்லாரும் ஓடி வந்து உன்னைத்தானே கட்டிப்பிடிச்சாங்க?" ஆர்வெல்லா எழுந்துவிட்டாள். "அம்மா போன பொண்ணு, எப்படிப் பாடினா பாரு, எப்படிப் பாடினா பாருன்னு. நான் பக்கத்துல தூண் மாதிரி நின்னேன். ஒருத்தர் என்னைத் தொடலை. நீ பொறாமைப்பட்டது பத்து வருஷம். நான் அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன்."

வயிற்றெரிச்சல் தனக்கு மட்டும்தான் என்று ஐசோலா நினைத்திருந்தாள். அதிலும் ஆர்வெல்லா அவளுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முன்வரிசையில் வெள்ளை உடுத்தின மூத்த பெண்களில் லுடீஷா அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. அன்றைய அடக்கத்திலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவள். போதகர் அவளிடம் குனிந்து, "அம்மா, நீங்கதான் அன்னைக்கு இருந்தவங்க. யாரு மேல போனா?" என்று கேட்டார்.

"ஒருத்தி கீழ போனா. ஒருத்தி மேல போனா" என்றாள் லுடீஷா அம்மா.

"அதுதான், யாரு?"

"பெட்டிக்குள்ள கிடந்தது என் சிநேகிதி. நான் அவ முகத்தைப் பாப்பேனா, இதுங்க வாயைப் பாத்துக்கிட்டு இருப்பேனா? உக்காருங்கய்யா."

சபை சிரித்தது. ஐசோலாவுக்கு மட்டும் உடம்பு எரிந்தது. "அப்ப பாடட்டும். இப்ப ரெண்டு பேரும் பாடுவோம். தெரிஞ்சுடும்."

போதகர் தலையை ஆட்டினார். "சிஸ்டர், சேராதவங்க இங்க பாட முடியாது. உங்களுக்கே தெரியும். அவங்க பாடணும்னா சேரணும். சேரணும்னா நீங்க ஆயத்தம்னு சொல்லணும்."

இப்படியொரு முடிச்சில் அவளாகவே போய்த் தலையைக் கொடுத்திருந்தாள். சொல்லாமலே இருந்தால் ஆர்வெல்லா வெளியே போவாள், ஆனால் கிழிசல் யாருடையது என்று கடைசிவரை தெரியாது. சபையே வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தையைத் துப்பினாள்.

"ஆயத்தம்."

"ஆமென்" என்றது சபை. போதகர் ஆர்வெல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கி முடிப்பதற்குள் ஐசோலா கீழே இறங்கி வந்துவிட்டாள்.

"பாடுடி."

"சிஸ்டர், பிரசங்கம் இருக்கு..."

"பிரசங்கம் எங்கயும் போயிடாது போதகரே."

அம்மாவின் அடக்கத்தில் பாடின அதே பாட்டு. ஐசோலா ஒரு கணக்கோடுதான் ஆரம்பித்தாள். 'அக்கரை' வரும்போது தான் கீழேயே நிற்பது, ஆர்வெல்லா மேலே போகிறாளா பார்ப்பது. முதல் இரண்டு வரி இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு போயின. அந்த அடக்கம் முடிந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் எங்கே மூச்சு விடுவது என்று ஒருத்திக்கு இன்னொருத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல் வந்தது. ஆர்வெல்லா கழுத்து நரம்பு புடைக்க மேலே ஏறினாள். பாதியில் குரல் இல்லை. வெறும் காற்று. வாய் திறந்திருக்கிறது, கண்ணில் பயம், பாட்டு அந்தரத்தில் நிற்கிறது.

ஐசோலா யோசிக்கவில்லை. பாட்டு நின்றுவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. மேலே போனாள். எட்டு வருஷமாகக் கஞ்சி போட்டு வைத்திருந்த துணி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிழிந்தது. முன்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது, ஜெத்ரோ பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டான்.

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் அந்தச் சுரத்தைப் பிடித்து நிற்கும்போதே அவளுக்கு ஒன்று புரிந்தது. பக்கத்தில் ஒரு தொண்டை அடைத்தால்தான் இன்னொரு தொண்டை இப்படி மேலே பாயும். இன்று அடைத்தது ஆர்வெல்லாவின் தொண்டை. அன்று, அம்மாவின் பெட்டி திறந்து கிடந்தபோது, யாருடையது அடைத்திருக்கும்? யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குள் ஆர்வெல்லா முகத்தை மூடி அழ ஆரம்பித்திருந்தாள். பெண்கள் அத்தனை பேரும் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "வந்துட்டியேடி, அது போதும்" என்றார்கள், "குரல் போனா என்ன" என்றார்கள். பாட்டைக் காப்பாற்றினவள் தூண் மாதிரி தனியாக நின்றாள். நிற்கப் பொறுக்காமல் தானும் போய் அந்தக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வழி பண்ணினாள். முன்னால் வந்ததும் ஆர்வெல்லா மூக்கை உறிஞ்சியபடி பார்த்தாள்.

"சரிடி ஐசோ, உன்னுதுதான்" என்றாள். "வெச்சுக்கோ. எனக்குத் தெம்பில்லை."

பத்து வருஷமாக ஐசோலா கேட்கக் காத்திருந்த வார்த்தை. கிடைத்ததும் அவளுக்கு வந்த கோபம் அதுவரை வந்ததே இல்லை.

"சும்மா தூக்கிக் குடுக்காதே! உன்கிட்ட பிச்சையா கேட்டேன்? தொண்டையா இது, துருப்பிடிச்ச கீல்! தேன் சாப்பிடு, சிகரெட்டை விடு. வியாழக்கிழமை ஒத்திகை, ஆறு மணி. குரலோட வா. அப்புறம் பாக்கலாம் யாருதுன்னு."

"அதுலயும் நீதான் ஜெயிச்சா?"

"வாடி முதல்ல."

வியாழக்கிழமை ஆர்வெல்லா ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்தாள். ஐசோலா அவளுக்கு முன்னாலேயே வந்து, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.